அன்பு வாயிலா? கையிலா?

உலகத்தில் மிகவும் மலிவாய்க் கிடைக்கும் சரக்கு எது என்று நம்மைக் கேட்டால், "அன்பு" என்கின்ற வார்த்தைதான் என்று தயங்காமல் சொல்லுவோம். மடாதிபதி அன்பைப் பற்றிப் பேசுகிறார், மவுல்வி பேசுகிறார், பாதிரியார் பேசுகிறார், ஓட்டுக் கேட்க வருகிறவரும் பேசுகிறார். நகைக்கடைக்காரரோ, பெண்டாட்டியிடத்தில் அன்பிருந்தால் தன் கடையில் வளையல் வாங்க வேண்டும் என்று விளம்பரம் செய்கிறார். இத்தனை பேர் இத்தனை காலமாய் விற்றும் உலகத்தில் அன்புக்குப் பஞ்சமாகவே இருக்கிறது. அப்படியானால், ஒன்று, விற்கப்படுவது அன்பு அல்ல. அல்லது, வாங்குகிறவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. இரண்டும் உண்மை என்பதே நமது அபிப்பிராயம்.

"எல்லா உயிரையும் நேசி" என்று சொல்லுவதில் யாருக்கு என்ன கஷ்டம்? எல்லா உயிரும் ஒருவன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரப் போவதில்லை. எல்லா உயிரும் கூலி கேட்கப் போவதில்லை. ஆனால் வாசலில் நிற்கும் ஓர் ஆளை, தன் வீட்டு நாற்காலியில் உட்கார் என்று சொல்லுவதில்தான் கஷ்டம் இருக்கிறது. அப்போதுதான் மாமியார் முகம் சுளிப்பாள், பங்காளி பேசுவான், ஊர் பார்க்கும். ஆகவே சாமர்த்தியசாலிகள் "எல்லா உயிரை"யும் நேசித்துவிட்டு, வாசலில் நிற்கும் ஆளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இதற்குப் பெயர் ஜீவகாருண்யமாம்!

அன்பு என்பதற்கு நாம் சொல்லும் அர்த்தம் வேறு. பிறனுக்கு நேரும் அவமானத்தைத் தன் அவமானமாகக் கருதி, அதை நீக்கத் தன் கையிலிருந்து ஏதாவது ஒன்றைச் செலவு செய்வதுதான் அன்பு. அந்தச் செலவு காசாயிருக்கலாம், நேரமாயிருக்கலாம், சொந்தக்காரர்களின் நல்லெண்ணமாயிருக்கலாம். ஒன்றுமே செலவாகாத அன்பு வெறும் சத்தம். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் நாட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்போம்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955-ல் அதைத் தண்டிக்கச் சட்டம் வந்தது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. இவ்வளவும் வந்த பிறகு, 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மனித மலம் கிடந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் அது தெரிந்தது. விசாரிக்கப் போன மாவட்ட அதிகாரிகள், அப்பகுதியிலுள்ள டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருப்பதையும் கண்டார்கள். சட்டம் பிறந்து 70 வருஷத்துக்கு மேலாகியும் குவளை இரண்டாகவே இருந்தது! வேறு சில ஊர்களில் நாகரிகம் முற்றி, ஒரு சாராருக்குக் கண்ணாடி டம்ளரும், மற்றொரு சாராருக்குத் தூக்கியெறியும் காகிதக் குவளையும் கொடுக்கிறார்கள். கேட்டால் சுகாதாரமாம்!

இதைச் சொல்லுவதால் சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லுவதாக யாரும் திரிக்க வேண்டாம். சட்டம் வேண்டும், அதைக் கடுமையாய் நடத்தவும் வேண்டும். ஆனால் டீக்கடைக்கு ஒரு போலீஸ்காரரை எந்தச் சர்க்காராலும் நிறுத்த முடியாது. அங்கே தினமும் நிற்பது யார்? நாமும் நம் அண்டை வீட்டாருமே. இரண்டு விதக் குவளைகளைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போகிறவர்கள், கடைக்காரரைவிட எந்த விதத்தில் யோக்கியர்கள்? காலையில் வரும் 10 வாடிக்கைக்காரர்கள், "எல்லோருக்கும் ஒரே குவளையானால் குடிக்கிறோம், இல்லாவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறோம்" என்று சொல்லட்டும். கடைக்காரருக்கு வியாபாரம் பெரிதா, வர்ணாசிரமம் பெரிதா என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். இதற்கு வேதாந்தம் வேண்டியதில்லை, தலைவர் வேண்டியதில்லை, ஒரு வேளை டீயை விடத் தயாராயிருந்தால் போதும். அந்த ஒரு வேளை டீயைக்கூட விட முடியாதவன் உலக சமாதானத்துக்காகக் கண்ணீர் விடுகிறான் என்றால், அந்தக் கண்ணீரை நாம் எப்படி நம்புவது?

"நான் சாதாரண ஆள், என்னால் என்ன ஆகும்?" என்பது நம் ஜனங்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பதில். இதை அடக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் இதைச் சோம்பேறித்தனம் என்கிறோம். சாதாரண ஆட்களால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கணக்குக் காட்டுகிறோம்.

அலபாமா மாகாணத்தில் மாண்ட்கமரி என்று ஒரு பட்டணம். அங்கே பஸ்ஸில் முன் ஸீட்டுகள் வெள்ளையருக்கு. கருப்பர் பின்னால் போக வேண்டும். முன் வாசலில் ஏறிக் காசைக் கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின் வாசலில் ஏற வேண்டிய கொடுமையும் உண்டு. பஸ்ஸில் போகிறவர்களில் சுமார் முக்கால் பங்கு கருப்பர்களே. அதாவது, பஸ் ஓடுவது அவர்கள் காசில், அவமானமும் அவர்களுக்கே. 1955 டிசம்பர் 1-ந் தேதி ரோஸா பார்க்ஸ் என்னும் தையல் வேலை செய்யும் அம்மையார் ஸீட்டைவிட்டு எழுந்திருக்க மறுத்துக் கைதானார். அதே வருஷம் மார்ச்சில் கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பெண்ணும் இதே குற்றத்துக்காகக் கைதாகியிருந்தாள். பார்க்ஸ் அம்மையார் கைதான அன்று ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, மாணவர்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு, விடிய விடியப் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டார். டிசம்பர் 5-ந் தேதி கருப்பர்கள் பஸ் ஏறவில்லை. ஒரு நாளைக்கு என்று ஆரம்பித்தது 381 நாள் நடந்தது.

381 நாளும் அந்த ஜனங்கள் எப்படி வேலைக்குப் போனார்கள் என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது. கார் வைத்திருந்தவர்கள் சுமார் 300 கார்களைக் கொண்டு, அக்கம் பக்கத்தாரை ஏற்றிக்கொண்டுபோய் விட்டார்கள். டாக்ஸிக்காரர்கள் பஸ் சார்ஜாகிய 10 சென்ட் மட்டும் வாங்கினார்கள். கார் கிடைக்காதவர்கள் நடந்தார்கள்; வெயிலிலும் மழையிலும் நடந்தார்கள். ஜார்ஜியா கில்மோர் என்று ஒரு சமையற்காரி. கோர்ட்டில் உண்மையைச் சாட்சி சொன்னதற்காக அவர் வேலை போயிற்று. அந்த அம்மையார் தன் வீட்டு அடுப்பிலேயே சமைத்து விற்க ஆரம்பித்தார். அவரும் அவர் கூட்டாளிப் பெண்களும் பலகாரமும் சோறும் விற்ற காசைப் பிரதி வாரமும் போராட்டத்துக்குக் கொடுத்தார்கள். அந்தக் காசுதான் கார்களுக்குப் பெட்ரோல் ஆயிற்று. தங்கள் சங்கத்துக்கு "எங்கிருந்துமில்லாத சங்கம்" என்று பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், "எங்கிருந்தும் இல்லை" என்று பொய்யில்லாமல் சொல்லிவிடலாம் அல்லவா? வாங்கித் தின்றவர்களின் வேலைக்கும் ஆபத்து வராது.

இன்னொரு வேடிக்கை. வெள்ளைக்காரச் சீமாட்டிகள் பலர் தங்கள் வீட்டு வேலைக்காரிகளைத் தாங்களே காரில் அழைத்துவரத் தொடங்கினார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று நகர மேயர் கண்டித்தார். அவர்கள் கேட்கவில்லை. அன்பினால் செய்தார்களோ, தங்கள் வீட்டுப் பாத்திரம் தேங்கக் கூடாதென்ற சுயநலத்தினால் செய்தார்களோ, அதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. காரியம் நடந்தது.

எதிரிகளும் சும்மா இருக்கவில்லை. தலைவர் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் 1956 ஜனவரியில் வெடிகுண்டு வைத்தார்கள். பிப்ரவரியில் 80 பேருக்கு மேல் குற்றஞ்சாட்டினார்கள். ஜனங்கள் நடப்பதை நிறுத்தவில்லை. 4 பெண்கள் தொடுத்த வழக்கில், பஸ்ஸில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1956 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் முடிவு சொல்லிற்று. டிசம்பர் 21-ந் தேதி அவர்கள் இஷ்டப்பட்ட ஸீட்டில் உட்கார்ந்து போனார்கள்.

தோழர்களே! இதில் மந்திரி யார்? மகான் யார்? தையற்காரி, சமையற்காரி, பள்ளிப் பெண், ஆசிரியை, டாக்ஸிக்காரர். கிங் என்பவர் பேர்பெற்ற தலைவர்தான். அவருக்கும் அப்போது வயது 26. அவர் எவ்வளவு பேசியிருந்தாலும், விடியற்காலையில் பக்கத்து வீட்டாருக்காகக் காரை எடுக்க ஓர் ஆள் இல்லாவிட்டால், பேச்சு முதல் வாரத்திலேயே முடிந்துபோயிருக்கும்.

இந்த இடத்தில் மதப் பிரசங்கியார் குறுக்கிட்டு, "பார்த்தீர்களா, அங்கே தலைமை தாங்கியவர் பாதிரியார், கூட்டம் நடந்தது சர்ச்சில், ஆகவே அன்பு மதத்தினால்தான் வரும்" என்பார். நாம் மறைக்கவில்லை. தலைமை தாங்கியவர் பாதிரியார்தான். கூட்டம் சர்ச்சில்தான் நடந்தது. ஆனால் அதே பட்டணத்தில் வெள்ளையர் சர்ச்சும் இருந்தது; அங்கேயும் அதே புஸ்தகம்தான் வாசிக்கப்பட்டது. 1963-ல் பர்மிங்ஹாம் பட்டணத்தில் 8 வெள்ளை மத குருமார்கள் கூடி, கருப்பர் கிளர்ச்சி இப்போது சமயமல்ல, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அறிக்கை விட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் கிங் ஜெயிலிலிருந்து தமது பேர்பெற்ற கடிதத்தை எழுதினார். புஸ்தகம் ஒன்று, கடவுள் ஒன்று. ஒரு கூட்டம் நடக்கிறது, மற்றொரு கூட்டம் பொறு என்கிறது. அப்படியானால் வித்தியாசத்தை உண்டாக்கியது புஸ்தகமா, அவமானம் பட்டவனின் உணர்ச்சியா? அன்பு புஸ்தகத்தில் இருந்திருந்தால் இரண்டு இடத்திலும் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

கடவுள் பேரைச் சொல்லி அன்பைக் கொலை செய்ததற்கும் அதே நாட்டில் சாட்சி இருக்கிறது. வர்ஜீனியா மாகாணத்தில் ரிச்சர்ட் லவிங் என்ற வெள்ளைக்காரக் கொத்தனாரும், மில்ட்ரெட் என்ற வெள்ளையரல்லாத பெண்ணும் 1958-ல் வாஷிங்டனுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். சில வாரங்களுக்குள் நடுராத்திரியில் போலீசார் படுக்கையறைக்குள் புகுந்து பிடித்தார்கள். 1959-ல் ஒரு வருஷ ஜெயில் தண்டனை. 25 வருஷத்துக்கு இருவரும் சேர்ந்து அந்த மாகாணத்தில் கால் வைப்பதில்லை என்றால் ஜெயில் இல்லை என்று உத்தரவு. பிறகு 1965-ல் அதே ஜட்ஜ் அதற்கு எழுதிய காரணம் என்ன தெரியுமா? சர்வ வல்லமையுள்ள கடவுள் ஒவ்வொரு நிறத்தாரையும் வெவ்வேறு கண்டத்தில் வைத்தார். ஆகவே கலப்பது அவர் சித்தமல்ல என்பதாம்! கடவுள் கண்டம் கண்டமாகப் பிரித்தார் என்றால், அந்த ஜட்ஜின் முன்னோர் ஐரோப்பாவை விட்டுக் கப்பல் ஏறி வந்தது யார் சித்தத்தின் பேரில்? இதைக் கேட்க அந்தக் கோர்ட்டில் ஆள் இல்லை.

அந்தக் கொத்தனார் பிரசங்கம் செய்யவில்லை. மில்ட்ரெட் அம்மையார் 1963-ல் அட்டர்னி ஜெனரலுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலிருந்து வழக்குப் பிறந்தது. கோர்ட்டுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீல் கேட்டபோது, தான் தன் மனைவியை நேசிப்பதாயும், அவளோடு வர்ஜீனியாவில் வாழ முடியாதது நியாயமல்ல என்றும் சொல்லும்படி மாத்திரம் லவிங் சொன்னார். 1967 ஜூன் 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 9 ஜட்ஜுகளும் ஒருமனதாய்த் தீர்ப்புச் சொன்னார்கள். அன்றைய தினம் 16 மாகாணங்களிலிருந்த கலப்புமணத் தடைச் சட்டம் செத்தது. ஒரு கொத்தனாரும் அவர் மனைவியும் சேர்ந்து வாழ விரும்பினதன் பலன் இது.

நிற்க, நம் யோக்கியதை என்ன? இந்தியாவில் 2011-12-ல் எடுத்த பெரிய குடும்ப ஆய்வின்படி, ஜாதி விட்டு ஜாதி நடந்த கல்யாணம் நூற்றுக்குச் சுமார் 5. மீதி 95-ம் ஜாதிக்குள்ளேயே. 2016 மார்ச் மாதத்தில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே, ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காகப் பட்டப்பகலில் ஒரு வாலிபனை வெட்டிக் கொன்றார்கள். அவன் மனைவியையும் வெட்டினார்கள். வயது வந்த இருவர் சம்மதித்தால் போதும், குடும்பமோ ஜாதியோ சம்மதிக்க வேண்டியதில்லை என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியதாயிற்று. மனிதன் சந்திரனில் கால் வைத்து அரை நூற்றாண்டாகப் போகிற காலத்தில் இதைச் சொல்ல ஒரு சுப்ரீம் கோர்ட் வேண்டியிருக்கிறது!

கொலை செய்தவன் பாதகன் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். ஆனால் அவன் கையில் அரிவாளைக் கொடுத்தது யார்? "உன் பெண் என்ன ஜாதியில் போனாள்?" என்று கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டே கேட்டவர் யார்? "மானம் போச்சே" என்று துக்கம் விசாரிக்க வந்தவர் யார்? அந்தப் பேச்சைக் கேட்டும் வாயை மூடிக்கொண்டு வெற்றிலை போட்டவர் யார்? எல்லோரும் சாதாரண ஜனங்களே! சாதாரண ஜனங்களின் தினசரிப் பேச்சே அரிவாளைத் தீட்டுகிறதென்றால், சாதாரண ஜனங்களின் தினசரிப் பேச்சே அதை மழுக்கவும் முடியும். அப்படி ஓடிவந்த ஜோடிக்கு ஒரு வாரம் சோறும் ஓர் அறையும் கொடுப்பவன், 1,000 அன்பு மாநாடு நடத்தினவனைவிட மேலானவன் என்று சொல்லுவோம்.

இந்நாட்டிலும் இது நடந்தே இருக்கிறது. 1928 முதற்கொண்டு புரோகிதனும் மந்திரமும் இல்லாமல் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்கள் யார்? விவசாயி, நெசவாளி, வாத்தியார், சிறு கடைக்காரர். அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று 1950-களில் சென்னை ஹைக்கோர்ட்டே சொல்லியும் அவர்கள் விடவில்லை. பெண்டாட்டியை வைப்பாட்டி என்றும், பிள்ளைகளை முறைதவறிப் பிறந்தவர்கள் என்றும் ஊர் சொல்லக்கூடும் என்று தெரிந்தே செய்தார்கள். சுமார் 40 வருஷம் கழித்து, 1967-ல், இந்தக் கல்யாணங்களும், இதற்கு முன் நடந்தவைகளும் செல்லும் என்று சட்டசபை சட்டம் செய்தது. முன்னே போனது சாதாரண ஜனங்கள். பின்னே வந்தது சட்டம்.

இனி வீட்டுக்குள் வருவோம். ஏனென்றால், வெளியில் சமத்துவம் பேசும் நம் வீரர்கள் பலருக்கு வீட்டு நிலைப்படி தாண்டியதும் சமத்துவம் மறந்துபோகிறது. சர்க்கார் 2019-ல் எடுத்த நேரக் கணக்கைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் 26 பேர். செய்கிறவர்களுக்குள்ளும், ஒரு நாளைக்குப் பெண் செய்வது 299 நிமிஷம். ஆண் செய்வது 97 நிமிஷம். அதாவது 100 ஆண்களில் 74 பேர் தின்ற தட்டைக்கூடக் கழுவுவதில்லை என்று வைத்துக்கொண்டாலும் பெரிய தப்பு வராது. இவர்கள்தான் "தாயன்புக்கு ஈடேது" என்று மேடையில் உருகுகிறவர்கள்! ஈடு ஏன் இல்லை? நாளைக் காலையில் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்து, பாத்திரத்தைத் துலக்கி, அந்தத் தாயை ஒரு மணி நேரம் சும்மா உட்கார வையுங்கள், அதுதான் ஈடு. தாயைத் தெய்வம் என்பதெல்லாம் சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்கும் தந்திரமேயல்லாமல் வேறென்ன?

வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், உட்காரத் தரை. இது டீக்கடை இரட்டைக் குவளையின் சொந்தத் தங்கையல்லவா? டீக்கடைக்காரரைத் திட்டுகிறவர் முதலில் தன் சமையலறை அலமாரியைத் திறந்து பார்க்கட்டும்.

கடைசியாக, நம் பக்கத்திலேயே இருக்கும் சில தீவிரவாதத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. "அன்பு, கருணை என்பதெல்லாம் பணக்காரன் பேச்சு, நமக்கு வேண்டியது உரிமை" என்கிறார்கள். பிச்சை போடும் அன்பைச் சொல்லுகிறார்களானால், அவர்களோடு நாமும் சேர்ந்து அதைக் காறித் துப்புகிறோம். மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பார்த்து இரங்குவது அன்பல்ல. அவன் மேலே இருப்பதற்கு அது ஒரு வாடகை. ஆனால் மாண்ட்கமரி ஜனங்கள் பஸ் கம்பெனிக்காரனிடம் கருணை கேட்கவில்லை. ஒருவரையொருவர் காரில் ஏற்றிக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் சோறு போட்டுக்கொண்டார்கள். அந்தப் பலத்தில் உரிமையை வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் பட்டினி கிடக்கும்போது திரும்பிப் பாராதவர்கள் எத்தனை நாள் சேர்ந்து போராட முடியும்? மூன்றாம் நாள் அவனவன் பஸ் ஏறிவிடுவான். உரிமைப் போருக்கு அன்புதான் சோற்று மூட்டை.

ஆகையால், நாம் கேட்டுக்கொள்வது பெரிய காரியமல்ல. இரட்டைக் குவளை உள்ள கடையில் டீ குடிக்காதீர்கள். ஏன் குடிக்கவில்லை என்பதையும் கடைக்காரர் காதில் விழும்படி சொல்லுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவருக்கு நீங்கள் சாப்பிடும் தட்டிலேயே போடுங்கள். உங்கள் நாற்காலியிலேயே உட்கார வையுங்கள். முதல் தேதி கூலியை முதல் தேதியிலேயே கொடுங்கள். ஜாதி மாறிக் கல்யாணம் செய்தவர்கள் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாய்ப் போய், கடைசி ஆளாய் எழுந்து வாருங்கள். கல்யாண வீட்டிலோ துக்க வீட்டிலோ ஒருவர் ஜாதித் திமிராய்ப் பேசினால், சிரிக்காதீர்கள். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆண் பிள்ளைக்கு அடுப்பையும், பெண் பிள்ளைக்குச் சைக்கிளையும் பழக்குங்கள்.

இவைகளில் ஒன்றுக்காவது ஸ்தல யாத்திரை வேண்டுமா? குரு உபதேசம் வேண்டுமா? அரசியல் கட்சியின் அனுமதி வேண்டுமா? கொஞ்சம் கூச்சத்தை விட வேண்டும், கொஞ்சம் ஏச்சைப் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். அது முடியாதென்றால், தயவு செய்து அன்பு என்ற வார்த்தையை மாத்திரமாவது விட்டுவிடுங்கள். அதை நாளைக் காலையில் டீக்கடையிலும் சமையலறையிலும் செய்து காட்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.